ஏழைகளுக்காக வாதாடிய ரோசாப்பூ துரை

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் குடியிருக்கும் ஒருவர், பொழுது சாய்ந்த பிறகு பூந்தமல்லியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்படுகிறார். இரவு அங்கேயே தங்குகிறார். காலையில் திரும்பி வருகிறார். எங்கே போனார், ஏன் போனார் என்று போலீசார் யாரும் அவரைக் கேட்பதில்லை.

மதுரைச் சீமையில் அதுவும் குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு குற்றமும் செய்யாதவர்கூட, கையில் சீட்டு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. இரவு வந்தால், தன் சொந்த வீட்டில் மனைவி மக்களோடு படுத்து உறங்க முடியாது!

அந்தக் கொடுமையை எதிர்த்துக் கோர்ட்டில் வாதாடியவர், பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். மதுரை மக்கள் அவருக்கு வைத்த பெயர், ரோசாப்பூ துரை.

சீமையில் படிப்பு

ஜார்ஜ் ஜோசப், திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்த செங்கன்னூரில் 1887-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். பத்திரிகை உலகில் பெரும்புகழ் பெற்ற போத்தன் ஜோசப், இவருடைய தம்பி.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு கப்பல் ஏறி, ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ சர்வகலாசாலையில் தத்துவம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். லண்டனில் பாரிஸ்டர் ஆனார். 1909 ஜனவரியில் தாயகம் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 21.

கொஞ்ச காலம் சென்னையில் இருந்துவிட்டு, மதுரைக்குப் போய் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பாரிஸ்டர் என்றால் தனி மதிப்பு. ஜமீன்தார்களும் மிட்டாதார்களும் தேடி வருவார்கள். ஜோசப்பும் அந்த வழியிலேயே போயிருந்தால் பெரும் பணக்காரராகி இருப்பார். ஆனால் அவர் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் வேறு மாதிரி ஆட்கள்.

ரேகைச் சட்டம்

வெள்ளைக்கார சர்க்கார், குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை முதலில் 1871-ல் வட இந்தியாவில் கொண்டு வந்தது. 1911-ல் அதைத் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. மதுரை ஜில்லாவில் 1914-ல் சில ஊர்க் கள்ளர்கள் மீது அந்தச் சட்டம் பாய்ந்தது. 1918-ல் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் அதற்குள் அடைத்தார்கள்.

ஒருவன் திருடினால் அவனைப் பிடித்துத் தண்டிப்பது சாதாரணச் சட்டம். இந்தச் சட்டம் அப்படி அல்ல. இன்ன சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்றது! ஆண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, கைரேகை எடுத்து, பேரேட்டில் பதிந்தார்கள். அதனால் ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள்.

ரேகை வைத்தவர் வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சந்தைக்கு மாடு ஓட்டிப் போக வேண்டுமா, உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போக வேண்டுமா, முதலில் சீட்டு. இரவில் போலீஸ் நிலையத்துக்கோ சாவடிக்கோ போய்ப் படுத்துக் கிடக்க வேண்டும். தவறினால் ஜெயில். புதிதாகக் கல்யாணம் ஆன பையனுக்கும் இதே கதிதான்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் இருந்தது. ஒரு சமூகத்தை இந்தச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது சரியா, தவறா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். கோட்டைக் கதவைச் சாத்தி, சாவியையும் கிணற்றில் போட்டது போல! அப்புறம் வக்கீல் என்ன செய்ய முடியும்?

ஜோசப் கைகட்டி உட்காரவில்லை. சட்டத்தையே எதிர்த்து வழக்குப் போட முடியாவிட்டாலும், அந்தச் சட்டத்தின்படி போலீசார் தொடுத்த வழக்குகளில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்காக வாதாடினார். ஒன்றிரண்டு அல்ல, பல வழக்குகள். அதோடு, இந்து பத்திரிகையிலும் சவுத் இண்டியன் மெயில் பத்திரிகையிலும் சட்டத்தைக் கண்டித்து எழுதினார். உசிலம்பட்டிப் பக்கத்துக் குடியானவனின் கண்ணீர், இங்கிலீஷ் படித்தவர்களின் வீட்டுக் கூடம் வரை போய்ச் சேர்ந்தது.

பெருங்காமநல்லூர்

1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி. உசிலம்பட்டி வட்டாரத்தில் உள்ள பெருங்காமநல்லூருக்கு அதிகாரிகள் ஆயுதப் போலீசாருடன் வந்தார்கள், கைரேகை எடுப்பதற்காக. ஊரார் மறுத்தார்கள். கூட்டம் கூடியது. போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள்.

பதினாறு பேர் மாண்டார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போன மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். உயிர் தப்பிய ஆண்கள் பலரைப் போலீசார் கைது செய்தார்கள்.

செத்தவர் குடும்பத்துக்கு யார் துணை? கைதானவர்களுக்கு யார் பேசுவார்? அந்த நாளில் அந்த ஜனங்களுக்கு நியாயம் கேட்க முன்வந்த பாரிஸ்டர், ஜோசப்தான். அவர் கள்ளர் சமூகத்தவர் அல்ல, தமிழர்கூட அல்ல. ஆனாலும் அந்த வட்டார மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நினைத்தார்கள். கோட்டில் ரோஜாப்பூ செருகி இருப்பார் என்பதால் ரோசாப்பூ துரை என்ற பெயர் வந்தது என்பார்கள்.

மதுரை ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தபோதும், டாக்டர் வரதராஜுலு நாயுடுவோடு சேர்ந்து துணை நின்றார்.

சிறையும் பத்திரிகையும்

காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். ஜோசப் நல்ல வருமானம் வந்த வக்கீல் தொழிலை உதறினார். அலகாபாத்துக்குப் போய், மோதிலால் நேருவின் இண்டிபெண்டன்ட் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். 1921 டிசம்பரில் கைதாகி, லட்சுமணபுரி ஜெயிலில் ஜவஹர்லால் நேருவோடு இருந்தார். காந்தியடிகள் சிறையில் இருந்தபோது, 1923-ல், அவருடைய யங் இந்தியா பத்திரிகையையும் நடத்தினார்.

1924-ல் வைக்கம் போராட்டம் வந்தது. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தீண்டாதார் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்த போராட்டம் அது. ஜோசப் அதில் இறங்கிச் சிறை சென்றார். இது இந்துக்கள் தீர்க்க வேண்டிய காரியம், கிறிஸ்தவரான ஜோசப் விலகி நிற்கலாம் என்பது காந்தியடிகளின் கருத்து. தெருவில் நடப்பது மனிதனின் உரிமை, அதற்கு மதம் ஏது என்பது ஜோசப்பின் எண்ணம். தமக்குச் சரி என்று பட்டதை யாருக்காகவும் விட்டுக் கொடுக்காத சுபாவம் அவருக்கு. அதனால் நஷ்டமும் பட்டிருக்கிறார்.

காமராஜர் வழக்கு

பிறகு மதுரைக்குத் திரும்பி மறுபடி கறுப்பு அங்கி அணிந்தார். 1933-ல் ஒரு போலீஸ் வழக்கு. விருதுநகர் போலீஸ் நிலையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீசிலும் வெடிகுண்டு வைத்ததாக, ஒரு காங்கிரஸ் தொண்டர் மீது குற்றம் சாட்டினார்கள். நிரூபணமாகி இருந்தால் அவர் வாழ்வே சிறையில் கழிந்திருக்கும்.

அந்தத் தொண்டர்தான் காமராஜர்!

ஜோசப்பும் வரதராஜுலு நாயுடுவும் அவருக்காக வாதாடினார்கள். போலீசாரின் குற்றச்சாட்டு ஆதாரம் இல்லாதது என்று எடுத்துக் காட்டினார்கள். காமராஜர் விடுதலை ஆனார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1955 ஜனவரியில், கோவில்பதாகைக்கு அருகிலேயே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி அவர்தான். அந்தக் காட்சியைக் காண ஜோசப் இல்லை.

1937-ல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோசப், மறு வருஷம் மார்ச் 5-ந் தேதி மதுரையில் காலமானார். வயது ஐம்பதுதான். அவர் எதிர்த்து நின்ற ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ரத்தானது.

மதுரை யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் நினைவு நாளில் உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் மாலையோடு வருகிறார்கள். அந்தக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைப்பதும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு!