டாக்டர் பட்டம் பெறாத பேரறிஞர்: ஜெர்ட்ரூட் எலியன் அம்மையார்

கல்விக்குப் பட்டம் அணிகலன் ஆகலாம், உயிர் ஆகாது. இதனைத் தம் வாழ்க்கையால் மெய்ப்பித்தவர் அமெரிக்க இரசாயன விஞ்ஞானி ஜெர்ட்ரூட் எலியன் அம்மையார். மனித உடலில் புகுந்து ஆயுள் முழுவதும் ஒளிந்திருக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ்களை அடக்கும் மருந்தை உலகுக்கு அளித்த குழுவை முன்னின்று நடத்தியவர் இவரே.

அம்மையார் 1918-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் லிதுவேனியாவிலிருந்து குடியேறிய பல் மருத்துவர். 1929-இல் பங்குச் சந்தை சரிந்தபோது குடும்பத்தின் செல்வம் கரைந்தது. பதினைந்தாம் வயதில், அன்புமிக்க பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டார். அந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்னும் உறுதி அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. சம்பளம் வாங்காத ஹன்டர் கல்லூரியில் சேர்ந்து, 1937-இல் இரசாயனத்தில் உயர்ந்த சிறப்புடன் தேறினார்.

ஆயினும், ஆராய்ச்சிக்கூடங்களின் கதவுகள் பெண்ணுக்குத் திறக்கவில்லை. பெண் ஒருத்தி இருந்தால் ஆடவரின் கவனம் சிதறும் என்று ஓரிடத்தில் காரணம் கூறி மறுத்தனர். அம்மையார் மனம் உடையவில்லை. முதலில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஊதியமின்றி உழைத்தார். பின்னர்ப் பகலில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு, இரவிலும் விடுமுறை நாட்களிலும் ஆராய்ந்து 1941-இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அதன் பின்னும் கிடைத்தது உணவுப் பொருள்களைச் சோதிக்கும் வேலையே. ஊறுகாயின் புளிப்பை அளந்து நாட்களைக் கழித்தார்.

உலகப் போருக்கு ஆடவர் பலர் சென்றமையால் ஆராய்ச்சிக்கூடங்களில் இடங்கள் காலியாயின. 1944-இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்னும் அறிஞரின் உதவியாளராக அம்மையார் அமர்ந்தார். டாக்டர் பட்டத்துக்காக இரவு வகுப்புக்கும் சென்று வந்தார். சில ஆண்டுகளில், வேலையை விட்டு முழு நேரமும் படித்தால்தான் பட்டம் என்று புரூக்ளின் பாலிடெக்னிக் கல்லூரியின் தலைவர் கூறிவிட்டார். பட்டமா, பணியா? அம்மையார் பணியையே மேற்கொண்டார்.

கிருமியாயினும் புற்றுநோய் உயிரணுவாயினும் பெருகுவதற்கு நியூக்ளிக் அமிலம் வேண்டும். அதன் உறுப்புகளைப் போலவே தோன்றும் போலிப் பொருளைக் கொடுத்தால் பெருக்கம் தடைப்படும் என்பது இவ்விருவரின் கொள்கை. இவ்வழியில் பிறந்த 6-மெர்காப்டோபியூரின் 1953-இல் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி பெற்றது. அதன் வழிவந்த அசாதயோப்ரின், 1962 முதல், பிறருடைய சிறுநீரகத்தை நோயாளியின் உடல் தள்ளிவிடாமல் காத்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலைத் தணித்தால்தான் மாற்றுச் சிறுநீரகம் நிலைக்கும். தணித்தாலோ, உள்ளே உறங்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ்கள் விழித்தெழும். சின்னம்மையும், நம்மூரில் காவிமண் கொண்டு எழுதும் அக்கியும் இக்குலத்து வைரஸ் ஒன்றின் வேலையே. சைட்டோமெகலோ வைரஸும் இக்குலத்ததே. நலமுள்ளவரிடம் அது பெரும்பாலும் வாளாவிருக்கும். எதிர்ப்பாற்றல் குன்றியவரின் கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். கருவிலுள்ள குழந்தையைத் தொற்றிச் செவித்திறனைப் பறிக்கவும் வல்லது.

வைரஸ் உயிரணுவுக்குள்ளேயே பெருகுவதால், அதனைக் கொல்லும் மருந்து உயிரணுவையும் கொன்றுவிடும் என்றே அறிஞர் பலர் கருதினர். 1968-இல் அம்மையார் இத்துறையில் இறங்கினார். ஹோவர்ட் ஷேஃபர் முதலிய துணைவருடன் உழைத்து அசைக்ளோவிர் என்னும் மருந்தை உருவாக்கி, அது செயற்படும் முறையையும் விளக்கினார். ஹெர்ப்பிஸ் வைரஸ் தன் தேவைக்கு உண்டாக்கும் நொதி ஒன்றே இம்மருந்தை நஞ்சாக மாற்றத் தொடங்குகிறது. வைரஸ் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கிறது. நலமான உயிரணுவுக்கோ பெருந்தீங்கில்லை. 1982-இல் இது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் நோயில், மருந்தின்றிப் பத்தில் ஏழு பேர் மாண்ட நிலை மாறிற்று. சைட்டோமெகலோ வைரஸிடம் அந்நொதி இல்லாமையால் அசைக்ளோவிர் அதனிடம் போதிய பயன் தரவில்லை. அதற்கு நெருங்கிய உறவான கான்சைக்ளோவிர் 1989-இல் அனுமதி பெற்று, அக்குறையைப் பெரிதும் போக்கியது.

1988-இல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்தக் கல்லூரியின் பட்டத்தை அன்று துறந்தாரோ, அக்கல்லூரியே 1989-இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் அவர் மறைந்தார்.

வேலை பார்த்துக்கொண்டே இரவில் படிப்போரும், பெண்ணை மேற்படிப்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும் நம் காலனியில் உண்டு. அவர்கள் இவ்வரலாற்றை அறிதல் நலம். ஊறுகாயின் புளிப்பை அளக்க விடப்பட்ட கைகளே பின்னாளில் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. வாய்ப்பின்றி வீட்டோடு நின்றுவிட்ட கைகள் எத்தனையோ! நம் பெண்மக்களின் கைகள் அவ்வாறு நின்றுவிடாமல் காப்போமாக.