‘மைட்டி க்ரூசேடர்ஸ்’ ஏன் ஏமாற்றுகிறது? ஸ்பைடரை எழுதிய ஜெர்ரி சீகலின் கதை

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஸ்பைடரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். கூரான காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார், கூடவே ஆர்டினியும் புரொபசர் பெல்ஹாமும். சிவகாசியிலிருந்து 1984-ல் லயன் வரத் தொடங்கியபோது பேரணாம்பட்டில் பள்ளிக்கூடப் பையனாக அதைப் படித்தவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். அந்தக் கதைகளில் எழுதியவர் பெயர் இருக்காது. பிரிட்டனில் வந்த மூலப் பத்திரிகையிலும் இல்லை. ஸ்பைடரின் முதல் சில கதைகளுக்குப் பிறகு தொடரை எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர் என்பது நம்மில் பலருக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிய வந்தது.

தெரிந்ததும் ரசிகர் என்ன செய்வார்? அவர் வேறு என்னவெல்லாம் எழுதினார் என்று தேடுவார். அப்படித் தேடும்போது கையில் சிக்கும் புத்தகங்களில் ஒன்று ‘தி மைட்டி க்ரூசேடர்ஸ்’. 1960-களில் சீகல் எழுத, பால் ரெய்ன்மேன் வரைந்த சூப்பர் ஹீரோ கூட்டணி. 2003-ல் ஆர்ச்சி நிறுவனம் அதன் தொடக்கக் கதைகளைத் தொகுப்பாக வெளியிட்டது. சூப்பர்மேனைப் படைத்து, ஸ்பைடரை எழுதிய அதே பேனா என்ற நம்பிக்கையில் பிரித்தால் பெரிய ஏமாற்றம்.

ஷீல்டு, ஃப்ளை மேன், ஃப்ளை கேர்ள், பிளாக் ஹூட், காமெட் என ஐந்து பேர். சண்டை போடுகிறார்கள், எதிரியோடு கொஞ்சம், தங்களுக்குள்ளே நிறைய. ஒவ்வொரு கட்டத்திலும் ஆச்சரியக்குறி. நான்காவது இதழில் பழைய ஹீரோக்கள் எல்லாம் வரிசையாக வந்து குவிகிறார்கள். யாருக்கும் நின்று பேச இடமில்லை, யார் மீதும் நமக்குப் பிடிப்பு வருவதில்லை. ஐந்து பேரில் நான்கு பேரை மாற்றி வைத்தாலும் கதை அப்படியே ஓடும். கூட்டணிக் கதைக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது.

இது வெறும் சலிப்பு இல்லை, சின்ன வயசில் கொண்டாடிய ஒருவர் மீதான சந்தேகம். இவர் நிஜமாகவே நல்ல எழுத்தாளரா, இல்லை சூப்பர்மேன் ஒரு குருட்டு அதிர்ஷ்டமா? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

ஜெர்ரி சீகல் 1914 அக்டோபர் 17-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டு நகரில் பிறந்தார். லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் கடைக்குள் திருட வந்தவர்களோடு ஏற்பட்ட சம்பவத்தில் அவர் மாரடைப்பால் இறந்துபோனார். அதற்கு அடுத்த சில வருடங்களில்தான் துப்பாக்கிக் குண்டு துளைக்காத ஒரு மனிதனை மகன் கற்பனை செய்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

பள்ளித் தோழன் ஜோ ஷஸ்டர் வரைய, சூப்பர்மேன் பல ஆண்டுகள் பத்திரிகை பத்திரிகையாகத் திரும்பி வந்தான். கடைசியில் 1938-ல் விலைபோனான். 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர், மொத்தம் 130 டாலர். கதை, பாத்திரம், அதன் எதிர்காலம் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் காசு. அந்த முதல் இதழின் நல்ல பிரதி ஒன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

பேரணாம்பட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே தேவையில்லை. இங்கே ஜாப் ஒர்க் என்பது எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. தோல் இன்னொருவருடையது, பதப்படுத்திக் கொடுக்கிற கை நம்முடையது. கூலி வந்ததும் சரக்கு போய்விடும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் தைத்த ஜோடு எந்த ஊர் பெயரில் எந்த நாட்டுக் கடையில் நின்றாலும் தைத்தவருக்கு அதில் பங்கு வராது. சீகல் செய்ததும் ஜாப் ஒர்க்தான். ஒரே வித்தியாசம், தோலையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

1947-ல் ஷஸ்டரும் அவரும் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு சுமார் 94,000 டாலரில் சமரசம் ஆனது. உரிமை கம்பெனியிடமே நின்றது, இவர்கள் வேலை போனது, சூப்பர்மேன் இதழ்களிலிருந்து இவர்கள் பெயரும் போனது. கையில் காசில்லாமல் 1959-ல் சீகல் அதே கம்பெனிக்குத் திரும்பினார். தான் பெற்ற பிள்ளையின் கதையையே பெயரில்லாமல், பக்கக் கூலிக்கு எழுதினார்.

இங்கேதான் ரசிகரின் சந்தேகத்துக்கு விடை இருக்கிறது. அந்தச் சில வருடங்களில் அவர் எழுதியவை அருமையானவை. 1961-ல் வந்த, சூப்பர்மேன் இறந்துபோவதாகக் கற்பனை செய்யும் கதை இன்றும் நெஞ்சைப் பிடிக்கும். எதிர்காலத்துச் சிறுவர் சிறுமியர் கூட்டணியான ‘லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்’ கதைகளிலும் அவர் கை உண்டு. அதாவது, கூட்டணிக் கதை எழுதத் தெரியாதவர் இல்லை.

அப்புறம் மைட்டி க்ரூசேடர்ஸில் என்ன ஆச்சு?

1961-ல் ஃபென்டாஸ்டிக் ஃபோர், 1963-ல் அவெஞ்சர்ஸ் என்று மார்வெல் அடித்து ஆடிக்கொண்டிருந்த நேரம். ஆர்ச்சி கம்பெனியிடம் 1940-களின் ஹீரோக்கள் சும்மா கிடந்தார்கள். ஷீல்டு அதில் மூத்தவர். கேப்டன் அமெரிக்காவுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னால் வந்த தேசக்கொடி ஹீரோ. அவர்களைத் தூசி தட்டி மார்வெல் மாதிரியே வேண்டும் என்பது ஆர்டர். ஸ்டான் லீயின் கிண்டலும் சலசலப்பும் வேண்டும், ஹீரோக்கள் அடித்துக்கொள்ள வேண்டும். ஐம்பதைத் தொட்ட சீகலுக்கு அது சொந்தக் குரல் அல்ல. போதாததற்கு 1966 ஜனவரியில் டிவியில் பேட்மேன் கிண்டல் பாணியில் வந்து ஹிட்டாக, எல்லோரும் அதே பக்கம் ஓடினார்கள். அந்த ஆண்டே சீகலின் ஆர்ச்சி கதைகள் சில, கேலிக்கூத்து என்கிற அர்த்தத்தைத் தலைப்பிலேயே தாங்கி பாக்கெட் புத்தகமாகவும் வந்தன. 1965 முதல் 1966 வரை ஏழே இதழ்களில் மைட்டி க்ரூசேடர்ஸ் நின்றது. அன்றைய வாசகர்களுக்கும் பிடிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

அதே காலத்தில்தான் கடல் தாண்டி பிரிட்டனுக்கு ஸ்பைடரையும் எழுதினார். அங்கேயும் கூலிதான், அங்கேயும் பெயர் இல்லை. ஆனால் யாரையும் நகல் எடுக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது. வாரத்துக்குச் சில பக்கம், புதுப்புது வில்லன்கள், விசித்திரக் கருவிகள். நடுவில் திமிர் பிடித்த ஒரே ஒரு நாயகன். ரெக் பன்னின் இருண்ட கோடுகள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. பின்னாடி அதிலும் ஒரு ஹீரோ கூட்டம் வருகிறது. ஆனா ஸ்பைடரின் அகம்பாவம் நடுவில் நிற்பதால் கதை சிதறுவதில்லை. சீகலின் பலம் ஒற்றை ஆளில் இருந்தது என்று தோன்றுகிறது.

சூப்பர்மேன் உரிமைக்காக மறுபடி நீதிமன்றம் போனார், தோற்றார். எழுபதுகளில் கலிபோர்னியாவில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்மேன் படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் 1975-ல் பத்திரிகைகளுக்குக் கோபமாக ஒரு நீண்ட அறிக்கை அனுப்பினார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் கூட நின்றார்கள். அந்த டிசம்பரில் வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டது, பெயரையும் திருப்பிக் கொடுத்தது. 1978-ல் வந்த படத்தின் டைட்டிலில் உருவாக்கியவர்களாக இருவர் பெயரும் இருக்கிறது.

ஸ்பைடர் தமிழ் பேசத் தொடங்கிய 1984-ல் சீகலுக்கு வயது 70. 1996 ஜனவரி 28-ல் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். மைட்டி க்ரூசேடர்ஸ் தொகுப்பை வாங்கி நொந்தவர்கள், அதை ஓரமாக வைத்துவிட்டு அந்த 1961 கதையைத் தேடிப் படிக்கலாம்.