பட்டாணியால் படிகளை எண்ணியவர்

பள்ளி விடுமுறையில் பினாங்குக்கோ பேங்காக்குக்கோ போகலாம் என்று நண்பர்கள் முடிவு செய்தவுடன் முதல் வேலையாகக் கைப்பேசியை எடுக்கிறோம். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, இரண்டு நாளில் எதையெல்லாம் பார்ப்பது என்று தேடுகிறோம். எதற்கு எத்தனை நட்சத்திரம் என்றும் பார்க்கிறோம். இந்தப் பழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று. இதற்கு ஏறக்குறைய 180 ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் முன் வரிசையில் நிற்பவர் ஜெர்மானியப் பதிப்பாளர் கார்ல் பேடெக்கர்.

கார்ல் பேடெக்கர் 1801 நவம்பர் 3ஆம் நாள் எஸ்ஸன் நகரில் பிறந்தார். குடும்பத் தொழிலே அச்சும் புத்தக விற்பனையும்தான். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் படித்து, பெர்லினில் ஒரு பதிப்பகத்தில் தொழில் பழகிய பிறகு, 1827இல் கோப்லென்ஸ் நகரில் சொந்தமாகப் புத்தகக் கடையும் பதிப்பகமும் தொடங்கினார்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் சாதாரண இடமன்று. ரைன் ஆறும் மோசல் ஆறும் கூடும் ஊர் கோப்லென்ஸ். அதே காலத்தில்தான் ரைன் ஆற்றில் நீராவிக் கப்பல்கள் முறையாக ஓடத் தொடங்கின. அதுவரை பணக்காரர்களே சுற்றிப் பார்த்த ஆற்றங்கரைக்கு நடுத்தரக் குடும்பத்தினரும் வரத் தொடங்கினார்கள். அவர்களிடம் நாளும் குறைவு, பணமும் குறைவு. புதிய ஊரில் கால் வைத்தவுடன் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் வண்டிக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். என்ன விலை நியாயம் என்று பயணிக்குத் தெரியாது. கேட்டதைக் கொடுத்துவிட்டு, காட்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

1832இல் நொடித்துப்போன ஒரு பதிப்பகத்தைப் பேடெக்கர் வாங்கினார். அதனோடு ஒரு புத்தகமும் அவர் கைக்கு வந்தது. மைன்ஸ் நகரிலிருந்து கொலோன் வரையிலான ரைன் பயணத்தைப் பற்றி யோகான் ஆகஸ்ட் கிளைன் என்பவர் எழுதிய நூல் அது. வரலாறும் வருணனையும் நிறைந்த நல்ல நூல்தான். ஆனால், பயணிக்கு அன்றாடம் தேவைப்படும் தகவல்கள் அதில் போதவில்லை என்று பேடெக்கர் கருதினார்.

அவர் அந்த நூலைத் திருத்தத் தொடங்கினார். எப்படிப் போவது, எந்த விடுதியில் தங்குவது, அறைக்கும் உணவுக்கும் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு அன்பளிப்புக் காசு கொடுப்பது, எந்தப் பாதையில் நடந்தால் நேரம் மிச்சமாகும் என்பவற்றையெல்லாம் சேர்த்தார். 1839இல் வந்த பதிப்பு ஏறக்குறைய புதிய நூலாகவே இருந்தது. இங்கிலாந்தில் ஜான் மரே வெளியிட்ட பயணக் கையேடுகள் தமக்கு முன்மாதிரி என்பதை அவர் மறைக்கவில்லை. நட்சத்திரக் குறியிட்டுச் சிறந்தவற்றைக் காட்டும் முறையை 1840களின் நடுவில் அவர் கையாண்டார். அதற்கும் ஆங்கிலக் கையேடுகளில் முன்னோடிகள் உண்டு. ஆனால், ஐரோப்பா முழுவதும் அந்த முறை பரவியதற்கு அவருடைய நூல்களே பெரிய காரணம்.

ஹாலந்தும் பெல்ஜியமும், ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், சுவிட்சர்லாந்து, பாரிஸ் என்று கையேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கூடியவரை அவரே நேரில் போய்ப் பார்த்து எழுதினார். தாம் யார் என்று விடுதிக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் பயணம் செய்தார். அவர் எவ்வளவு கவனமானவர் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். மிலான் பேராலயத்தின் மாடிப்படிகளில் ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறார். 20 படிக்கு ஒருமுறை நின்று, மேலங்கிப் பையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். உச்சிக்குப் போனதும் பட்டாணிகளை 20ஆல் பெருக்கினால் படிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். இறங்கும்போது மறுபடியும் அதேபோல் சரிபார்க்கிறார். அவர்தான் பேடெக்கர். அதை நேரில் கண்ட ஒருவர் பின்னாளில் எழுதிவைத்த செய்தி இது.

1859 அக்டோபர் 4ஆம் நாள், 57 வயதில் பேடெக்கர் மறைந்தார். மகன்கள் மூவரும் ஒருவர்பின் ஒருவராகத் தொழிலை ஏற்றார்கள். 1861இல் ஆங்கிலப் பதிப்பு தொடங்கியது. 1872இல் நிறுவனம் லைப்சிக் நகருக்கு மாறியது. எவ்வகை விளம்பரத்தையும் நூலில் சேர்ப்பதில்லை என்று அவர்கள் முன்னுரையிலேயே அறிவித்தார்கள். பணம் கொடுத்து விடுதியின் பெயரைச் சேர்க்க முடியாது என்பதால்தான் வாசகர்கள் அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை நம்பினார்கள். நம் வட்டாரமும் அதில் இடம்பெற்றது. 1914இல் ஜெர்மன் மொழியில் வந்த இந்தியக் கையேட்டில் இலங்கை, பர்மா, சயாம், ஜாவா ஆகியவற்றோடு மலாய்த் தீபகற்பமும் சேர்க்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் பேடெக்கர் என்ற சொல்லே பயணக் கையேட்டைக் குறிக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

அந்தப் பெயருக்கு ஒரு துயரமான பொருளும் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், லூபெக் நகரின்மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. அதற்குப் பழிவாங்க எக்ஸிட்டர், பாத், நார்விச், யார்க், கேன்டர்பரி போன்ற பழம்பெருமை வாய்ந்த ஆங்கில நகரங்களை ஜெர்மானிய விமானங்கள் தாக்கின. பேடெக்கர் கையேட்டில் நட்சத்திரம் பெற்ற கட்டடங்களே இலக்கு என்று ஜெர்மானிய அதிகாரி ஒருவர் பேசியதாகச் செய்தி பரவியது. அதனால் அவை பேடெக்கர் தாக்குதல்கள் என்றே வரலாற்றில் பதிவாயின. மறு ஆண்டு டிசம்பரில் லைப்சிக்மீது நடந்த குண்டுவீச்சில் பேடெக்கர் நிறுவனத்தின் கட்டடமும் ஆவணங்களும் அழிந்தன. மக்கள் போய்ப் பார்த்து மகிழ வேண்டும் என்று ஒருவர் தொடங்கிய பட்டியல், இறந்து 80 ஆண்டுகளுக்குப் பிறகு அழிவின் பெயராக மாறும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

பேடெக்கரின் கையேடுகள்மீது ஒரு குறையும் சொல்லப்பட்டது. நட்சத்திரமிட்ட இடங்களை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதைத் திரும்பிக்கூடப் பாராமல் பயணிகள் ஓடுகிறார்கள் என்பதே அது. ஐந்து நட்சத்திர உணவகத்தின் முன் வரிசையில் நின்றுவிட்டு, பக்கத்துச் சந்தில் இருக்கும் அருமையான ஒட்டுக்கடையைத் தவறவிடும் நமக்கும் அது பொருந்தும்.

ஆயினும், பேடெக்கர் விரும்பியது தம் புத்தகத்துக்குப் பயணி அடிமையாவதை அன்று. வழிகாட்டியையும் விடுதிக்காரரையும் நம்பியே இருக்காமல், கையில் உள்ள தகவலைக் கொண்டு பயணி தாமே முடிவெடுக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். இன்று நம்மிடம் தகவலுக்குப் பஞ்சமில்லை. அடுத்த சுற்றுலாவுக்கு விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், அவற்றைக் கொடுத்தவர் அங்கே போனாரா, பணம் வாங்கிக்கொண்டு எழுதினாரா என்றும் கேட்டுப் பார்ப்போம். பட்டாணியோடு படியேறிய மனிதர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுதான்.