பத்துக் கட்டளைகளுக்காக நாடு கடத்தப்பட்ட போதகர்... யார் இந்த ரோஜர் வில்லியம்ஸ்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2024 ஜூன் மாதம் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, கல்லூரிகளின் எல்லா வகுப்பறைகளிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும். அளவு குறைந்தது 11-க்கு 14 அங்குலம். அடுத்த ஆண்டே டெக்சாஸும் இதே போன்ற சட்டத்தைக் கொண்டு வந்தது.

லூசியானா சட்டத்தை எதிர்த்துப் பெற்றோர் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களில் தேவாலயப் போதகர்களும் உண்டு என்பதுதான் பலருக்கும் ஆச்சரியம். கடவுளை நம்புகிறவரே கடவுளின் கட்டளையைப் பள்ளிச் சுவரில் மாட்டாதீர்கள் என்று சொல்வாரா?

சொல்வார். கிட்டத்தட்ட 400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இந்த வாதத்தைச் சொல்லிவிட்டு, அதற்காக ஊரை விட்டே துரத்தப்பட்டார். அவர்தான் ரோஜர் வில்லியம்ஸ்.

தீயில் எரிந்த மனிதர்கள்

1603 வாக்கில் லண்டனில் பிறந்தவர். அப்பா துணி வியாபாரி. வீடு இருந்தது ஸ்மித்ஃபீல்டு பகுதியில். அரசு ஏற்ற மதக் கொள்கையை மறுத்தவர்களை உயிரோடு எரித்த மைதானம் அங்கேதான் இருந்தது. வில்லியம்ஸுக்குச் சுமார் 9 வயதாக இருந்த 1612-லும் ஒருவர் அங்கே எரிக்கப்பட்டார்.

சிறுவயதிலேயே சுருக்கெழுத்து கற்றுக்கொண்டவர். அந்தத் திறமையைப் பார்த்து, இங்கிலாந்தின் பிரபல நீதிபதி எட்வர்ட் கோக் அவரைத் தன்னிடம் வேலைக்கு வைத்துக்கொண்டார், படிப்புக்கும் உதவினார். 1627-ல் கேம்பிரிட்ஜில் பட்டம். பிறகு போதகர்.

அன்றைய இங்கிலாந்தில் நாட்டுக்கும் ராஜாதான் தலைவர், திருச்சபைக்கும் ராஜாதான் தலைவர். இது வில்லியம்ஸுக்குப் பொறுக்கவில்லை. 1630 டிசம்பரில் மனைவி மேரியோடு கப்பல் ஏறினார். 1631 பிப்ரவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் காலனியில் இறங்கினார்.

தேடி வந்த வேலையை மறுத்தார்

மாசசூசெட்ஸில் இருந்தவர்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்து திருச்சபையின் சடங்குகள் பிடிக்காமல் கடல் தாண்டி வந்தவர்கள். படித்த போதகர் வந்திருக்கிறார் என்றதும், பாஸ்டன் தேவாலயம் அவரைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்தது. வேண்டாம் என்றுவிட்டார். இங்கிலாந்து திருச்சபையோடு அவர்கள் உறவை முழுசாக அறுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம்.

சரி, தப்பி வந்தவர்களாவது மற்றவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தார்களா? இல்லை. தேவாலயத்தில் உறுப்பினராக இருக்கும் ஆண்களுக்குத்தான் ஓட்டு என்று 1631-லேயே முடிவு செய்தார்கள். ஓய்வுநாளை மீறினால் தண்டனை. கடவுளை நிந்தித்தால் தண்டனை.

நாலு கட்டளை, ஆறு கட்டளை

இங்கேதான் பத்துக் கட்டளைகள் வருகின்றன. இவற்றை இரண்டு பலகைகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் நான்கும் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ளவை: வேறு தெய்வம் கூடாது, சிலை வழிபாடு கூடாது, கடவுள் பெயரை வீணாகச் சொல்லக் கூடாது, ஓய்வுநாளைக் கடைப்பிடிக்க வேண்டும். மீதி ஆறும் பெரும்பாலும் மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ளவை: கொலை செய்யாதே, திருடாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பவை.

வில்லியம்ஸின் வாதம் சிம்பிள். கொலை, திருட்டு என்றால் அரசு தண்டிக்கட்டும். ஆனால் முதல் நான்கில் அரசுக்கு என்ன வேலை? அது மனசாட்சி சம்பந்தப்பட்ட விஷயம். அதிகாரிக்குப் பயந்து கும்பிடுவது வழிபாடே இல்லை, கடவுளுக்குச் செய்யும் அவமரியாதை என்பது அவர் நிலைப்பாடு.

அதோடு நிற்கவில்லை. இந்த மண் பூர்வகுடிகளுடையது, அவர்களிடம் வாங்காமல் ராஜா எப்படிப் பட்டா கொடுக்க முடியும் என்றும் கேட்டார். காலனி நிர்வாகம் கொதித்தது. 1635 அக்டோபரில் அவரை வெளியேற்ற நீதிமன்றம் உத்தரவிட்டது.

பனியில் ஓட்டம்

குளிர்காலம் முடியும்வரை இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. மனுஷன் சும்மா இருப்பாரா? வீட்டிலேயே கூட்டம் போட்டுப் பேசினார். பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்ற 1636 ஜனவரியில் ஆள் அனுப்பினார்கள். அதற்குள் முன்னாள் ஆளுநர் ஜான் வின்த்ராப் ரகசியமாகத் தகவல் சொல்லிவிட்டார்.

மனைவியையும், பிறந்து சில மாதங்களே ஆன கைக்குழந்தை உட்பட இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, கொட்டும் பனியில் கிளம்பினார். சுமார் 14 வாரங்கள் அலைந்தவருக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் வாம்பனோக் பூர்வகுடிகள். அவர்களின் மொழியை அவர் ஏற்கெனவே கற்றிருந்தார்.

பிராவிடன்ஸ்: புது ஊர், புது விதி

1636-ல் நரகன்செட் பூர்வகுடித் தலைவர்களிடம் நிலம் பெற்று ஓர் ஊரை உருவாக்கினார். இறையருள் என்ற பொருளில் பிராவிடன்ஸ் என்று பெயர் வைத்தார். இன்றைய ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரம் அதுதான்.

ஊர்ப் பொது விஷயத்தில் பெரும்பான்மை முடிவுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும். மத விஷயத்தில் யாரும் தலையிடக் கூடாது. இதுதான் விதி. 1638-ல் இதற்கு ஒரு சோதனை வந்தது. ஜோசுவா வெரின் என்பவர், வில்லியம்ஸ் நடத்திய வழிபாட்டுக்கு மனைவியைப் போகவிடாமல் தடுத்தார். மனைவியின் மனசாட்சியைத் தடுத்த குற்றத்துக்காக அவருடைய ஓட்டுரிமையை ஊர் பறித்தது. 17-ஆம் நூற்றாண்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

நெருப்பில் போட்ட புத்தகம்

காலனிக்கு அங்கீகாரம் வாங்க 1643-ல் லண்டன் போனார். 1644-ல் அது கிடைத்தது. அதே ஆண்டு மதத் துன்புறுத்தலை எதிர்த்து ஒரு பெரிய நூலை வெளியிட்டார். யூதர், இஸ்லாமியர் உட்பட எல்லாருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் வேண்டும் என்றார். அந்தப் புத்தகத்தை எரிக்கச் சொன்னது இங்கிலாந்து நாடாளுமன்றம்.

பாஸ்டன் போதகர் ஜான் காட்டனுக்கு எழுதிய பதிலும் அதே ஆண்டு வெளியானது. அதில்தான் அந்தப் புகழ்பெற்ற உவமை வருகிறது. திருச்சபை ஒரு தோட்டம். வெளியுலகம் காடு. நடுவில் ஒரு சுவர் வேண்டும். சுவர் உடைந்தால் காடுதான் தோட்டத்துக்குள் புகுந்து அழிக்கும். அதாவது, அரசியலின் அழுக்கு மதத்தின் மேல் படாமல் காப்பதற்கே அந்தச் சுவர்.

158 ஆண்டுகள் கழித்து, 1802-ல் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனும் மதத்துக்கும் அரசுக்கும் நடுவில் ஒரு சுவர் என்ற உவமையைத் தன் கடிதத்தில் எழுதினார். அமெரிக்க நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பப் பேசுவது அந்தச் சுவரைத்தான்.

பிடிக்காதவர்களுக்கும் இடம்

குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கொள்கை வில்லியம்ஸுக்குத் துளியும் பிடிக்காது. 1672-ல், 70 வயதை நெருங்கிய நிலையில், நாள் முழுக்கத் தானே துடுப்புப் போட்டு நியூபோர்ட் போய் அவர்களோடு வாதம் செய்தார். எதிர்த்துப் புத்தகமும் எழுதினார். ஆனால் அவர்களை விரட்டச் சொல்லவில்லை. மாசசூசெட்ஸ் 1659-க்கும் 1661-க்கும் இடையில் நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டது. ரோட் ஐலண்டில் அவர்கள் நிம்மதியாக வாழ்ந்தார்கள்.

அவரிடம் கறையே இல்லையா? உண்டு. 1676-ல் பூர்வகுடிகளுடனான போரில் பிராவிடன்ஸ் எரிந்தது, அவர் வீடும் எரிந்தது. அந்தப் போரில் பிடிபட்ட பூர்வகுடிகளைக் கொத்தடிமைகளாக விற்ற குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். அடைக்கலம் கொடுத்த மக்களுக்கு அவர் செய்தது இது.

1683-ன் தொடக்கத்தில் இறந்தார். நாடு கடத்திய உத்தரவை மாசசூசெட்ஸ் ரத்து செய்தது 1936-ல்தான்!

இன்றைய வழக்குகளில் வில்லியம்ஸின் கேள்வி

கென்டக்கி மாநிலம் வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டது. 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கொலை, திருட்டு பற்றி மட்டும் அந்தக் கட்டளைகள் பேசவில்லை, முதல் பகுதி முழுக்க வழிபாட்டுக் கடமைகள் என்பதை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். வில்லியம்ஸ் பிரித்துக் காட்டிய அதே இடம்.

அவர் உருவாக்கிய மாநிலத்திலும் இந்தச் சண்டை வந்தது. பிராவிடன்ஸை ஒட்டிய கிரான்ஸ்டன் நகரத்தின் ஓர் அரசுப் பள்ளி அரங்கில் 1963 முதல் பிரார்த்தனைப் பலகை ஒன்று இருந்தது. அங்கே படித்த மாணவி ஒருவர் வழக்குப் போட, 2012-ல் அதை எடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

இப்படிப்பட்ட வழக்கு வரும்போதெல்லாம், சுவரில் மாட்டுவதை எதிர்ப்பவர்கள் கடவுளுக்கு எதிரிகள் என்ற பேச்சும் கூடவே வரும். வில்லியம்ஸ் கடைசிவரை தீவிர விசுவாசி. கட்டளைகள் நல்லவையா என்பது அவர் கேள்வியே இல்லை. அதை மாட்டும் அதிகாரத்தை அரசுக்கு யார் கொடுத்தது என்பதுதான் அவர் கேட்டது. இன்று அமெரிக்கப் பெற்றோர்கள் கோர்ட்டில் கேட்பதும் அதையேதான்.