பேக்ரவுண்டு சுழலும் போட்டோ... அதன் பின்னால் இருக்கும் கணக்கு வாத்தியார்!

ஸ்க்ரோல் பண்ணிட்டே இருக்கும்போது சில போட்டோக்கள்ல உங்க கட்டைவிரல் தானா நின்னிருக்கும். நடுவுல ஒரு முகம், ரொம்பத் துல்லியமா. பின்னால இருக்கிற இலைகளும் வெளிச்சப் புள்ளிகளும் அந்த முகத்தைச் சுத்தி ராட்டினம் மாதிரி சுழலும். என்ன ஃபில்டர்னு கமென்ட்ல கேட்டிருப்பீங்க. ஃபில்டர் இல்லை, பழைய மேனுவல் லென்ஸை டி.எஸ்.எல்.ஆர்ல மாட்டி எடுத்ததுன்னு பதில் வந்திருக்கும்.

அந்தச் சுழற்சிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் ஜோசப் பெட்ஸ்வால். அவர் போட்டோகிராபர் இல்லை, கணக்குப் பேராசிரியர். மனித முகத்தைப் படம் பிடிக்க ஏற்ற முதல் வேகமான லென்ஸைக் கணக்குப் போட்டே உருவாக்கியவர் இவர்தான். அதற்கு இவருக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கதையைக் கேளுங்க.

செருப்புத் தைக்கப் போக வேண்டிய பையன்

1807-ம் ஆண்டு ஜனவரி 6-ம் தேதி, ஸ்பிஷ்ஸ்கா பெலா என்ற சின்ன ஊரில் பிறந்தார் பெட்ஸ்வால். அன்றைக்கு அது ஹங்கேரி, இன்றைக்கு ஸ்லோவாக்கியா. அப்பா பள்ளி ஆசிரியர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பள்ளியில் பையனுக்குக் கணக்கு சுத்தமா வரலை, செருப்புத் தைக்கும் தொழிலுக்கு அனுப்பிடலாம்னு வீட்டில் முடிவே பண்ணிட்டாங்க, அப்புறம் ஒரு கோடை விடுமுறையில் கையில் கிடைத்த கணிதப் புத்தகம்தான் அவரை மாற்றியது என்று ஒரு கதை உண்டு.

கதை எப்படியோ, பையன் பெஸ்ட் நகரில் இன்ஜினீயரிங் படித்தார். அந்த நகரத்துக்கே இன்ஜினீயராகி வெள்ளத் தடுப்பு, கழிவுநீர்க் கால்வாய் வேலைகளைப் பார்த்தார். 1837-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். கேமராவுக்கும் அவருக்கும் அதுவரை ஒரு சம்பந்தமும் கிடையாது.

காலியாகத் தெரிந்த பாரிஸ் தெரு

1839 ஆகஸ்ட்டில் பாரிஸில் டாகெரோடைப் அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பிடிக்கும் முறை அது. உலகமே அசந்துபோனது. ஆனா, அதில் ஒரு பெரிய சிக்கல். அதற்கு முந்தின வருஷம் டாகேர் எடுத்த பாரிஸ் தெருப் படத்தை நெட்ல தேடிப் பாருங்க. பரபரப்பான தெரு, படத்தில் காலியா இருக்கும். வண்டிகளும் மனிதர்களும் நகர்ந்துகொண்டே இருந்ததால் தகட்டில் பதியவே இல்லை. ஓரத்தில் ஷூவுக்கு பாலிஷ் போட அசையாமல் நின்ற ஒருத்தர் மட்டும் பதிந்துவிட்டார்.

காரணம் சிம்பிள். அந்தக் கால லென்ஸ் வழியா உள்ளே வந்த வெளிச்சம் ரொம்பக் குறைவு. இன்றைய கணக்கில் சுமார் எஃப் 15. கொளுத்தும் வெயிலிலும் பல நிமிடங்கள் ஆகும். கட்டடத்தைப் படம் எடுக்கலாம், உங்க பாட்டியை எடுக்க முடியாது!

அந்த அறிவிப்பின்போது பாரிஸில் இருந்தவர், வியன்னாவைச் சேர்ந்த பேராசிரியர் எட்டிங்ஸ்ஹௌசன். ஊர் திரும்பியதும் இந்தச் சிக்கலை பெட்ஸ்வாலிடம் கொண்டுபோனார்.

பீரங்கி வீரர்கள் போட்ட கணக்கு

அதுவரை லென்ஸ் செய்வது பெரும்பாலும் கைப்பழக்கம். கண்ணாடியைத் தேய்த்துப் பார்ப்பார்கள், சரியில்லை என்றால் மறுபடியும் தேய்ப்பார்கள். பெட்ஸ்வால் ரூட்டை மாற்றினார். கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னாடி, ஒளிக்கதிர் ஒவ்வொரு வளைவிலும் எப்படித் திரும்பும்னு பேப்பரிலேயே கணக்குப் போட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம். ஆஸ்திரியப் பீரங்கிப் படையின் தலைவராக இருந்த இளவரசர் லுட்விக், கணக்கில் தேர்ந்த தன் வீரர்கள் சிலரை உதவிக்கு அனுப்பினார். குண்டு எங்கே விழும்னு கணக்குப் போட்டவர்கள், வெளிச்சம் எங்கே விழும்னு கணக்குப் போட்டார்கள்.

1840-ல் டிசைன் ரெடி. மொத்தம் நான்கு கண்ணாடிகள்: முன்னால் ஒட்டிய ஜோடி ஒன்று, பின்னால் சின்ன இடைவெளி விட்ட ஜோடி ஒன்று. வேகம் சுமார் எஃப் 3.6. பழைய லென்ஸைவிடச் சுமார் 16 மடங்கு அதிக வெளிச்சம். அதே சமயத்தில் தகட்டின் ரசாயனமும் மேம்பட, காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போர்ட்ரெய்ட் ஸ்டூடியோக்கள் பெருக, இந்த லென்ஸ் ஒரு முக்கியக் காரணம்.

ஆனா, இதில் ஒரு குறை இருந்தது. லென்ஸ் தரும் பிம்பம் தட்டையா விழாது, கிண்ணம் மாதிரி வளைந்து விழும். தகடோ தட்டை. அதனால் நடுவில் துல்லியம், ஓரம் போகப்போகக் குழப்பம். பெட்ஸ்வாலுக்கு இது நல்லாவே தெரியும். அந்த வளைவை அளக்கும் விதியை 1843-ல் வெளியிட்டவரே அவர்தான். முகம் நடுவில்தானே இருக்கப்போகுது, வேகம்தான் முக்கியம் என்று அந்தக் குறையை விட்டுவைத்தார்.

குழாயில் வேறு பெயர்

லென்ஸைத் தயாரித்தது வியன்னாவின் ஃபோக்ட்லெண்டர் நிறுவனம். 1756-ல் தொடங்கிய பழைய கம்பெனி. பெட்ஸ்வாலுக்குக் கிடைத்தது ஒருமுறை கொடுத்த தொகை, சுமார் 2,000 குல்டன். லென்ஸ்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. பித்தளைக் குழாயில் பொறித்திருந்தது ஃபோக்ட்லெண்டர் பெயர். வெளிநாடுகளில் காப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால், மற்ற நாட்டு லென்ஸ்காரர்களும் டிசைனை இஷ்டத்துக்கு காப்பி அடித்தார்கள்.

1845-ல் இருவருக்கும் உறவு முறிந்தது. பின்னர் ஃபோக்ட்லெண்டர் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குத் தொழிலைக் கொண்டுபோனார். 1857-ல் பெட்ஸ்வால், டீட்ஸ்லர் என்ற வேறொரு தயாரிப்பாளருடன் சேர்ந்து, இயற்கைக் காட்சிகளுக்கான தன் இன்னொரு லென்ஸைக் கொண்டுவந்தார். ஃபோக்ட்லெண்டரும் அதே டிசைனைத் தன் பெயரில் விற்க, சண்டை முற்றியது.

1859-ல்தான் பெரிய அடி. வியன்னாவுக்கு வெளியே காலன்பர்க் குன்றில், துறவிகள் இல்லாத பழைய மடம் ஒன்றில் அவர் குடியிருந்தார். கறுப்புக் குதிரையில் ஏறி வகுப்புக்கு வருவார் என்பார்கள். அந்த வீட்டில் யாரோ புகுந்தார்கள். ஒளியியல் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதிகள் போய்விட்டன. அவர் எழுத நினைத்த பெரிய புத்தகம் வரவே இல்லை. ஒளியை விட்டுவிட்டு ஒலியின் பக்கம் போனார்.

அவரைப் பாவம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. பிடிவாதக்காரர். 1852-ல் டாப்ளர் விளைவே தப்புன்னு வியன்னா அறிவியல் கழகத்தில் வாதாடினார். டாப்ளர் அடுத்த ஆண்டே நோயில் இறந்துபோனார். இன்றைக்கு கிரிக்கெட்டில் பந்தின் வேகத்தைச் சொல்லும் ஸ்பீடு கன், டாப்ளர் சொன்னது சரின்னு ஒவ்வொரு ஓவரிலும் காட்டுது.

1869-ல் தன் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்ணைத் திருமணம் செய்தார். நான்கே ஆண்டுகளில் அவரும் இறந்தார். 1877-ல் ஓய்வு, அதன்பிறகு தனிமை. 1891 செப்டம்பரில் 84 வயதில் வியன்னாவில் இறந்தபோது, உலகம் அவரைக் கிட்டத்தட்ட மறந்திருந்தது.

குறைதான் இப்போ ஸ்டைல்

அடுத்த நூறு ஆண்டுகள் லென்ஸ் கம்பெனிகள் அந்த ஓரக் குழப்பத்தை ஒழிக்கப் பாடுபட்டன. இன்றைய லென்ஸ்கள் மூலைக்கு மூலை துல்லியம். அதனாலேயே நமக்கு போரடிச்சுடுச்சு! 2013-ல் லோமோகிராஃபி நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டி, ரஷ்யாவின் ஜெனிட் தொழிற்சாலையில் புது பெட்ஸ்வால் லென்ஸைத் தயாரித்தது. 85 மி.மீ., எஃப் 2.2, பித்தளை உடம்பு, கேனான், நிகான் டி.எஸ்.எல்.ஆர்களில் நேரா மாட்டலாம். இந்த முறை லென்ஸின் பெயரே பெட்ஸ்வால்.

அது பட்ஜெட்டுக்கு மேலே போகுதா? பழைய சோவியத் ஹீலியோஸ் 44-2 தேடுங்க. 58 மி.மீ., எஃப் 2. உள்ளே இருப்பது பெட்ஸ்வால் டிசைன் இல்லை, ஆனா பின்னணி அதே மாதிரி சுழலும். மாட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கவனிங்க:

* ஹீலியோஸ் திருகி மாட்டும் எம்42 வகை. கேனான் டி.எஸ்.எல்.ஆருக்கு மெல்லிய அடாப்டர் வளையம் போதும். நிகானில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே தூரம் கொஞ்சம் அதிகம். அதனால் கூடுதல் கண்ணாடி இல்லாத அடாப்டரில் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

* சில ஃபுல் ஃப்ரேம் பாடிகளில் லென்ஸின் பின்பகுதி உள்ளே மேலெழும் கண்ணாடியில் இடிக்கலாம். உங்க மாடலுக்கு ஒத்துவருமான்னு செக் பண்ணிட்டு மாட்டுங்க.

* ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. எம் மோடுக்குப் போய், லைவ் வியூவில் கண்ணைப் பெரிதாக்கி, வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் பண்ணுங்க. நண்பர் நகர்ந்தால் நீங்களும் லேசா முன்னே பின்னே நகருங்க.

* முகம் நடுவில் இருக்கட்டும். பின்னால் சில அடி தள்ளி, வெயில் ஊடுருவும் இலைகள் இருக்கட்டும். அபெர்ச்சரை முழுசா திறந்து வைங்க.

* சுழற்சி ஓரத்தில்தான் அதிகம். சின்ன சென்சார் அந்த ஓரத்தை வெட்டிவிடும். ஃபுல் ஃப்ரேமில்தான் முழு ஆட்டமும்!

போன்ல போர்ட்ரெய்ட் மோட் ஆன் பண்ணினா, முகம் எது, பின்னணி எதுன்னு சாஃப்ட்வேர் ஒரு நொடியில் கணக்குப் போட்டு மங்கலாக்கும். பெட்ஸ்வால் போட்டதும் கணக்குதான், கையால், மாதக்கணக்கில்.

அவர் பிறந்த வீடு இன்றைக்கு கேமரா மியூசியம். நிலவில் ஒரு பள்ளத்துக்கும் ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர். பிம்பம் கிண்ணமாக வளையும் அந்தக் குறைக்கும் அவர் பெயர்தான், பெட்ஸ்வால் வளைவு. அடுத்த முறை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது பின்னணி சுழல ஆரம்பிச்சா, அந்தக் கணக்கு வாத்தியாரை ஒரு நொடி நினைச்சுக்கோங்க. போட்டோவைப் போஸ்ட் பண்ணும்போது கேப்ஷனில் அவர் பெயரையும் போட்டுடுங்க. அவருக்கு விட்டுப்போன கிரெடிட் அது.