சிதம்பரம் பிள்ளையவர்களும் அவர்தம் குடும்பத்தாரும்

திருவள்ளுவ தேவர் பொருட்பாலின்கண் சுற்றந்தழால் என ஓரதிகாரம் வகுத்தருளினார். செல்வம் நிறைந்த நாளில் சுற்றம் சூழ்தல் உலகியல்பு. ஒருவன் நியாயஸ்தலத்தில் கைதியாய் நின்று தனக்கு விதிக்கப்படும் தண்டனையைக் கேட்கும் நாளிலே அவனைவிட்டு நீங்காதிருப்பதே சுற்றத்திற்கு உரைகல்லாகும். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் கப்பலோட்டிய திறத்தை நம் சங்கத்து அன்பர்கள் பலகாலும் கேட்டிருப்பர். அவர் பெற்ற தண்டனையில் ஒரு பங்கைத் தாமும் சுமந்த குடும்பத்தை நினைப்பார் சிலரே. ஆதலின் அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராய்த் தோன்றினார். தந்தையார் வக்கீல் தொழில் புரிந்தவர். மைந்தரும் அத்தொழிலையே பயின்று ஒட்டப்பிடாரத்திலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் நடத்தினார். முதல் மனைவியார் வள்ளியம்மை காலஞ்சென்றபின் மீனாட்சியம்மையாரை மணந்தார். 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். அடுத்த ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடலாயின. 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு உறுதுணையாய் நின்றார். அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள் சுப்பிரமணிய சிவாவுடன் திருநெல்வேலியிற் சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் அந்நகரில் பெருங்கலகம் மூண்டது.

பிள்ளையவர்கள்மீது சாட்டப்பெற்ற குற்றங்கள் இரண்டு. அரசத் துரோகமாகப் பேசினார் என்பது ஒன்று. அவ்வாறே பேசிய சிவாவுக்கு உடந்தையாயிருந்தார் என்பது மற்றொன்று. சிவாவைத் தம் மனையில் வைத்து ஆதரித்ததும் இவ்விரண்டாங் குற்றத்தைச் சார்ந்ததாயிற்று. விருந்தோம்பலை இல்லறத்தின் தலைமைப் பயனாகக் கொள்வது நம் மரபு. அவ்வறமே வழக்குமன்றத்தில் குற்றத்திற்குச் சான்றாய் நின்றது! அவர் செய்கையை அவர்தம் இல்லத்தினின்றும் பிரித்துக் காண இயலாமை இதனாலே விளங்கும்.

1908 ஜூலை 7ஆம் நாள் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புரைத்தார். முதற் குற்றத்திற்கு இருபதாண்டும், இரண்டாவதற்கு இருபதாண்டும், ஒன்றன்பின் ஒன்றாக ஆக நாற்பதாண்டு தீவாந்தர தண்டனை. அப்பொழுது பிள்ளையவர்களுக்கு வயது முப்பத்தைந்து. நாற்பதாண்டு கழித்து மீள்வாராயின் எழுபத்தைந்து வயதினராய் மீள்வார். முதிய தந்தை மகனை மீண்டுங் காண்பாரோ? இளமனைவியும் சிறு மக்களும் எவர் நிழலில் வாழ்வர்? அத்தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியால் பிள்ளையவர்களின் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். தமையனார் சிறைக்குச் சென்றார். தம்பியோ மீளவொண்ணா இருளுட் சென்றார். சட்டம் தண்டித்தது ஒருவரையே. தண்டனை விழுந்ததோ குடும்பம் முழுவதன் மேலும்.

அங்ஙனமாயினும் அக்குடும்பம் அவரைக் கைவிட்டதில்லை. வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டுக்குச் சென்றது. 1908 நவம்பரில் நாற்பதாண்டு ஆறாண்டாகக் குறைந்தது. பின்னர்ப் பிரிவி கவுன்சில் வரை முறையிடப்பெற்றது. இவையெல்லாம் வாளா நிகழ்வன அல்ல. வக்கீல்களை நாடுதல், பொருள் தேடுதல், நடையாய் நடத்தல் எல்லாம் வெளியில் உள்ளோர் கடனாம். குடும்பச் செல்வமும் கரைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலே பிள்ளையவர்கள் மாடுபோற் செக்கிழுத்தார். ஆயினும் அவர் தனியரல்லர். அந்நகரத்து வக்கீல் சி. கே. சுப்பிரமணிய முதலியார், பிற்காலத்திற் பெரியபுராணத்திற்குப் பேருரை கண்ட பெரியார், உறவினராய் இல்லாதிருந்தும் உறவினுஞ் சிறப்ப உதவினார். 1910இன் இறுதியிற் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்ற பிள்ளையவர்கள், சிறைவாழ்விலேயே நூல்களும் இயற்றினார். நெஞ்சு ஒடியாதிருந்தமையன்றோ அதற்குக் காரணம்!

1912 டிசம்பரில் விடுதலை பெற்று வெளிவந்தபோது கப்பற் கம்பெனி இல்லை. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. அவரை எதிர்கொள்ளத் திரண்ட கூட்டமும் இல்லை. இருந்தது குடும்பமே. மீனாட்சியம்மையாரும் மக்களும் சென்னையில் அவரோடு வறுமையைப் பகிர்ந்துண்டனர். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமை மீண்டது. அந்நன்றி மறவாது தம் புதல்வர் ஒருவர்க்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தம்பியின் துயரத்தை வாழ்நாளெல்லாம் நெஞ்சிற் சுமந்திருந்து, 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்காள்! பிள்ளையவர்கள் நாட்டுக்காகச் சிறை புகுந்தவர். அவர் பொருட்டுத் துன்புறுதல் பெருமையாகும் என்பீர். உண்மையே. ஆயினும் தீர்ப்புநாளில் அவர் வீட்டார் கண்டது பெருமையன்று, நாற்பதாண்டுப் பிரிவே. நம்மவருள் ஒருவர் பிழைசெய்தோ செய்யாமலோ வழக்கிற் சிக்கினால் நாம் செய்வதென்ன? அவர் தெருவைச் சுற்றிப் போகின்றோம். அவர் வீட்டுப் பெண்ணைக் கொள்ளத் தயங்குகின்றோம். தந்தை சிறை சென்றதும் பள்ளிக்கு வாராது நின்றுபோன சிறுவரை ஆசிரியத் தொழிலில் நாம் கண்டிருக்கின்றோம். அச்சிறுவர் செய்த குற்றம் யாது?

குற்றத்தை நியாயப்படுத்துமாறு நாம் வேண்டுகின்றிலேம். தீர்ப்புக் கூறும் நாளில் உறவினர் நால்வர் உடன் சென்று, அவர் திரும்பிப் பார்க்கும்போது கண்ணிற்படுமாறு நிற்க வேண்டும். அன்று மாலை அவர் வீட்டு அடுப்பு எரிகின்றதா என்று ஒருவர் சென்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் படிப்பு நில்லாதவாறு சங்கம் காக்க வேண்டும். சிறைவாயில் ஒருநாள் திறக்கும். திறக்கும்போது, திரும்பிச் செல்ல ஒரு வீடு இருத்தல் வேண்டும்.