கணக்குப் பார்த்த குமரப்பா

மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். பொருளாதாரம் படித்தவன், வங்கி, வட்டி என்று ஏதாவது எழுதுவேன் என எதிர்பார்த்திருக்கலாம். எனக்கு ஜே.சி. குமரப்பாவைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது. வகுப்பில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து போனது. ஞாபகம் இருக்கிறவங்க கை தூக்குங்க!

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் ஆடிட்டர் படிப்பு, பம்பாயில் தொழில், கோட்டும் சூட்டுமாக நல்ல வாழ்க்கை. பிறகு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். ஆங்கில அரசின் வரவு செலவைப் புரட்டிய ஆடிட்டர் கண்ணுக்கு, ராணுவத்துக்கு எவ்வளவு போகிறது, குடியானவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்பது தெரிஞ்சு போச்சு.

அந்த ஆய்வோடு 1929-ல் காந்தியைப் பார்க்கச் சபர்மதி போனார். மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த கிழவர்தான் அவர் என்று முதலில் தெரியவில்லையாம். அப்புறம் குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியர். மாணவர்களோடு மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். சத்தியாக்கிரகிகள் தடியடி பட்டபோது திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று, கிறிஸ்தவரான அவரே பிஷப்பிடம் கேட்டார். 1934 பீகார் பூகம்ப நிவாரணக் கணக்கு அவர் கையில். காந்தியும் கூட வந்தவர்களும் சாப்பிட்ட செலவை அந்த நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்!

வார்தா மகன்வாடியில் செக்கு, தேனீ, கைக்காகிதம், கைக்குத்தல் அரிசி என்று இறங்கினார். எங்க ஊர் ஆவுடையார்கோவிலில் அப்பத்தா உரலில் நெல் குத்துவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ரைஸ்மில் வந்ததும் உலக்கை மூலைக்குப் போயிற்று. தவிட்டோடு சத்தும் போகிறது, குத்துகிறவளின் கூலியும் போகிறது என்ற அவர் கருத்தைப் படித்தபோது அப்பத்தாதான் கண்முன் நின்றாள்.

சண்டை எங்கே பிறக்கிறது என்பதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. தூர தேசத்துக் கச்சாப்பொருளையும் சந்தையையும் நம்பிய தொழிலுக்கு, அவற்றைக் காக்கப் பட்டாளமும் வேணும். ஆகவே சமாதானம் ஊரிலிருந்துதான் தொடங்கவேண்டும். சிறையில் எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலின் சாரமும் ஏறக்குறைய இதுதான். 1951-ல் சீனா, ஜப்பான் போய்வந்தார். உலக சமாதான இயக்கத்தோடு சேர்ந்து நின்றார். சீனாவைப் பாராட்டியதற்காகக் கம்யூனிஸ்ட் ஆகிவிட்டார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். பாராட்டில் கொஞ்சம் அவசரம் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

கடைசி வருஷங்கள் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில். காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ல், 1960-ல் காலமானார். அவர் குடிசைச் சுவரில் ஒரு ஏழை விவசாயியின் படம் இருந்ததாம். யார் என்று கேட்டவர்களிடம், தன் குருவுக்குக் குரு என்பாராம்.